வீட்டு சர்வர் பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு சர்வர் மாதக்கணக்கில் யார் கையும் படாமல் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் இருக்காது, கீபோர்டு இருக்காது. ஆனால் குடும்பப் படங்கள், பேக்கப், மீடியா எல்லாம் அதில்தான் இருக்கும். அது ஒருநாள் எழுந்திருக்காவிட்டால் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில் செய்கிற காரியங்கள்தான் பல நேரம் சின்னக் கோளாறைப் பெரிதாக்கிவிடுகின்றன.

இங்கே இரண்டு வகை ஆட்களுக்கும் பதில் இருக்கிறது. புது சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ், ட்ரூநாஸ், டெபியன் மாதிரி ஏதாவது ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவப்போய் இன்ஸ்டாலர் பென் டிரைவ் பூட் ஆகாமல் நிற்பவர்கள் ஒரு வகை. அன்ரெய்டு போல ஆபரேட்டிங் சிஸ்டமே பென் டிரைவிலிருந்து ஓடும் சர்வர் திடீரென்று நின்றுபோனவர்கள் இன்னொரு வகை. ‘பயாஸ்’ (பவர் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) என்று பொதுவாக நான் எழுதும் இடங்களில் புது போர்டுகளில் இருக்கும் யூஇஎஃப்ஐயையும் சேர்த்தே சொல்கிறேன்.

சர்வர் எழவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் எடுத்துவந்து மாட்டுங்கள். இது இல்லாமல் செய்வதெல்லாம் ஊகம்தான். ஐபிஎம்ஐ (நெட்வொர்க் வழியாகப் போர்டைக் கட்டுப்படுத்தும் வசதி) உள்ள சர்வர் போர்டு என்றால் பிரவுசரிலேயே அதன் திரையைப் பார்த்துவிடலாம்.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் நின்றது? பூட் என்பது நான்கு கைமாற்றம். முதலில் போர்டு தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. அடுத்து பயாஸ், பென் டிரைவைக் கண்டுபிடிக்கிறது. மூன்றாவதாக அதிலுள்ள பூட்லோடரை (ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) படித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. நான்காவதாக பூட்லோடர் ஏற்றிவிடும் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி), பயாஸின் உதவி இல்லாமல், அதே பென் டிரைவைத் தன் சொந்த டிரைவரால் மறுபடியும் தேடிப் பிடிக்கிறது. இந்த நான்காவது கட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ‘பயாஸில் தெரிகிறது, எழுத்துகளும் ஓடுகின்றன, ஆனாலும் நிற்கிறது’ என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

திரை கருப்பாகவே இருந்தால் முதல் கட்டம். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ அல்லது ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று வந்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது. க்ரப் (லினக்ஸின் பூட்லோடர்) என்ற பெயரோ லினக்ஸ் எழுத்துகளோ வந்துவிட்டால் பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது. இனி பயாஸ் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. திரையில் கடைசியாக வந்ததைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது அந்த ஒரு படம் பத்து கேள்விகளை மிச்சப்படுத்தும்.

பென் டிரைவை ஃபார்மேட் செய்து மறுபடி எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

இன்ஸ்டாலர் பென் டிரைவ் என்றால் தாராளமாகச் செய்யலாம். சர்வரே அதிலிருந்து ஓடுகிறது என்றால் தயவுசெய்து வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

அன்ரெய்டை எடுத்துக்கொள்வோம். எந்த டிஸ்க் பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதன் தரவை மீட்க உதவும் டிஸ்க்), எந்த டிஸ்க் எந்த இடத்தில், ஷேர்கள், பயனர்கள், லைசன்ஸ் கீ எல்லாமே அந்தப் பென் டிரைவில் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில்தான் இருக்கின்றன. லைசன்ஸ் அந்தப் பென் டிரைவின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. அதை அழித்துவிட்டால் டிஸ்க்குகளில் உள்ள தரவு அப்படியே இருந்தாலும், எது பாரிட்டி, எது டேட்டா என்று தெரியாமல் நிற்பீர்கள். அப்போது ஒரு டேட்டா டிஸ்க்கைத் தவறுதலாகப் பாரிட்டியின் இடத்தில் வைத்து அரேயை (டிஸ்க்குகளின் தொகுப்பை) ஓட்டினால் அந்த டிஸ்க் முழுதும் மேலெழுதப்பட்டுவிடும்.

அதனால் முதல் வேலை, பென் டிரைவை வேறொரு கணினியில் செருகி, படிக்க முடிகிறதா என்று பார்ப்பது. முடிந்தால் உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு ஃபோல்டரில் காப்பி எடுங்கள். முழு இமேஜாக எடுத்தால் இன்னும் நல்லது. படிக்கவே முடியாத நிலையில் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். காப்பி கையில் வந்த பிறகு எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

பூட் மெனுவை எப்படி வரவழைப்பது?

பவர் போட்டவுடன் ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ, கிகாபைட் என்றால் எஃப்12. எம்எஸ்ஐ, ஆஸ்ராக், சூப்பர்மைக்ரோ என்றால் எஃப்11. எச்பி கணினிகளில் எஃப்9, இன்டெல் நக் பெட்டிகளில் எஃப்10, ஆசுஸ் டெஸ்க்டாப் போர்டுகளில் எஃப்8. பயாஸுக்குள் நுழைய பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2.

எவ்வளவு தட்டியும் வரவில்லை என்றால் ஃபாஸ்ட் பூட் இயக்கத்தில் இருக்கலாம். நேரத்தை மிச்சப்படுத்த அது யூஎஸ்பி சாதனங்களைத் தயார் செய்வதையே தாண்டிப்போய்விடும். கீபோர்டும் பென் டிரைவும் சேர்ந்தே காணாமல் போகும். பயாஸுக்குள் எப்படியாவது நுழைந்துவிட்டால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். சர்வருக்கு ஃபாஸ்ட் பூட் தேவையே இல்லை. ஆண்டுக்கு நான்கு தடவை ரீபூட் ஆகும் பெட்டியில் ஐந்து விநாடி மிச்சமாகி என்ன ஆகப்போகிறது?

ப்ளூடூத் கீபோர்டு வேண்டாம், வயர் கீபோர்டே நல்லது.

பூட் மெனு வருகிறது. ஆனால் பென் டிரைவின் பெயரே அதில் இல்லையே?

போர்ட்டை மாற்றிப் பாருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. கேபினட்டின் முன்பக்க போர்ட்கள் ஒரு நீளமான கேபிள் வழியாகப் போர்டுக்குப் போகின்றன. அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் எல்லாம் குழப்பம்தான். பின்பக்கம், போர்டிலேயே பொருத்தப்பட்ட போர்ட்களே நம்பகமானவை. யூஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதிலும் கருப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் அதைத்தான் முதலில் முயல வேண்டும். பழைய போர்டுகள் சிலவற்றில் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்கள் தனியாகச் சேர்க்கப்பட்ட ஒரு சிப்பிலிருந்து வருபவை. விண்டோஸோ லினக்ஸோ ஏறிய பிறகு டிரைவர் மூலம் அருமையாக வேலை செய்யும். ஆனால் அந்த சிப்போடு பேச பயாஸுக்குத் தெரியாது, அதனால் பூட் நேரத்தில் அந்தப் போர்ட் இல்லாதது போலத்தான். கூடுதலாக மாட்டிய பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டுகளுக்கும் இது பொருந்தும்.

வேகம் குறையுமே என்று கவலை வேண்டாம். அன்ரெய்டு பூட் ஆனதும் ராமுக்குப் போய்விடும். அதன் பிறகு பென் டிரைவ் அமைப்புகளைச் சேமிக்க மட்டும்தான். யூஎஸ்பி 2.0 போர்ட், யூஎஸ்பி 2.0 பென் டிரைவ் இரண்டும் சூடு குறைவு, தொல்லையும் குறைவு.

போர்ட் மாற்றியும் தெரியவில்லை என்றால் பயாஸில் யூஎஸ்பி லெகசி சப்போர்ட், யூஎஸ்பி பூட் ஆகிய இரண்டும் எனேபிள் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறொரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அது தெரிந்தால் போர்டில் குறை இல்லை, பழைய பென் டிரைவ்தான் போய்விட்டது.

நேற்று வரை நன்றாக ஓடியது. புது ஹார்டு டிஸ்க் மாட்டியதும் பூட் ஆகவில்லை. டிஸ்க் கெட்டதா?

இல்லை. இது என் சொந்த சர்வரிலேயே நடந்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நான்காவது டிஸ்க்கை மாட்டி, மூடியைத் திருகி, பெட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டு பவர் போட்டேன். பத்து நிமிடம் ஆகியும் நெட்வொர்க்கில் வரவில்லை. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினால், கருப்புத் திரையில் இடது மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பென் டிரைவின் நுனியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. படிக்கும்போது படபடவென்று அடிக்கும். அன்று அது ஒரே ஒரு முறை மின்னி அணைந்ததோடு சரி. அதாவது பயாஸ் பென் டிரைவைப் பார்த்தது, ஆனால் அதிலிருந்து எதையும் படிக்கப் போகவில்லை. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், பூட் வரிசையில் முதல் இடத்தில் அந்தப் புது டிஸ்க் உட்கார்ந்திருந்தது.

பல போர்டுகளின் பழக்கம் இது. புதிதாக ஒரு டிஸ்க் வந்தால் அதைத் தானாகவே பட்டியலின் மேலே ஏற்றிவிடும். அந்த டிஸ்க் காலியாக இருந்தால் சில போர்டுகள் தாண்டிப் போகும், சில அங்கேயே நிற்கும். வேறு கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் என்றால் இன்னும் மோசம். அதில் மிச்சமிருக்கும் பழைய பூட்லோடரை ஓட்டப்போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பழைய பயாஸ்களில் ஹார்டு டிஸ்க் வரிசை என்று ஒரு தனிப் பட்டியலும் உள்ளே ஒளிந்திருக்கும். பென் டிரைவை அந்தப் பட்டியலில் முதலில் கொண்டுவந்தால்தான் வெளியே உள்ள பூட் வரிசையிலும் அதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

முடிந்தால் மற்ற எல்லா பூட் சாதனங்களையும் டிசேபிள் செய்துவிட்டு, பென் டிரைவை மட்டும் விட்டுவையுங்கள். ரீபூட் செய்யாமல் பவரை முழுவதும் நிறுத்தி மறுபடி போட்டு, வரிசை அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். முதல் தடவை அதைச் செய்யாமல் விட்டதால் அடுத்த வாரமே மறுபடி மானிட்டரைத் தூக்கினேன்.

எட்டு டிஸ்க் மாட்டும் எச்பிஏ கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற கார்டுகளில் அதற்கென்று ஒரு பூட் ரோம் (கார்டிலேயே பதிந்திருக்கும் பூட் நிரல்) இருக்கிறது. பூட் நேரத்தில் கார்டின் பெயரோடு ஒரு திரை வந்து, மாட்டியிருக்கும் டிஸ்க்குகளை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எல்லா டிஸ்க்குகளையும் பூட் சாதனங்களாகப் பயாஸிடம் பதிவு செய்யும். சில போர்டுகளின் பட்டியலில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இடம் இல்லை, கடைசியில் பென் டிரைவ் வெளியே தள்ளப்படும். டிஸ்க்குகளிலிருந்து பூட் செய்யும் தேவை இல்லை என்றால், அந்தக் கார்டு இருக்கும் ஸ்லாட்டின் ஆப்ஷன் ரோமைப் பயாஸில் டிசேபிள் செய்யலாம். லினக்ஸுக்கு அந்த ரோம் தேவையில்லை. டிஸ்க்குகள் எப்போதும்போலத் தெரியும்.

பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரிகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருப்பது புது வழி, இல்லாதது பழைய லெகசி வழி. ஒரே பென் டிரைவை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்.

லெகசி பயாஸுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. பென் டிரைவின் முதல் 512 பைட்டை அப்படியே ராமில் ஏற்றும். அதன் கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருந்தால் அதை நிரல் என்று நம்பி ஓட்டிவிடும். யூஇஎஃப்ஐ அப்படியில்லை. ஃபேட்32 பார்ட்டிஷனைத் திறந்து, இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற ஃபைல் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் ஓட்டும், இல்லாவிட்டால் கண்டுகொள்ளாது. ஏஆர்எம் கணினியில் அந்த ஃபைலின் பெயர் பூட்ஏஏ64.இஎஃப்ஐ.

ஆக, பென் டிரைவ் எந்த வழிக்காக எழுதப்பட்டதோ அந்த வழியில்தான் பூட் செய்ய வேண்டும். 2012க்குப் பிறகு வந்த பெரும்பாலான போர்டுகளில் யூஇஎஃப்ஐயைத் தேர்ந்தெடுங்கள். புது இன்டெல் போர்டுகளில், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பினால் லெகசி வழி கிடைப்பதும் இல்லை. லெகசி வழியைத் தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பை ஆன் செய்யவே விடாது. இதற்கு நேரெதிர் எச்பி மைக்ரோசர்வர் ஜென்8. இன்றும் பலரின் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அருமையான பெட்டி, உள்ளேயே பென் டிரைவ் செருக ஒரு போர்ட்டும் உண்டு. ஆனால் அதில் யூஇஎஃப்ஐ கிடையாது. ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறை), யூஇஎஃப்ஐ மட்டும் என்று எழுதிய பென் டிரைவ் அதில் ஒருபோதும் பூட் ஆகாது.

அன்ரெய்டு வைத்திருப்பவர்கள் பென் டிரைவைத் திறந்து பார்த்தால் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒரு சிறுகோடு இருக்கலாம். அந்தக் கோடு இருந்தால் யூஇஎஃப்ஐ பூட் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பெயரிலிருந்து கோட்டை எடுத்துவிட்டால் ஆன் ஆகிவிடும். போர்டு மாற்றியபின் பூட் ஆகாமல் தவிக்கும் பலருக்கு இந்த ஒரு எழுத்துதான் தடை. பென் டிரைவின் லேபிள் பெரிய எழுத்துகளில் அன்ரெய்டு என்றே இருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். லேபிளை வைத்துத்தான் பூட்டின் பிற்பகுதியில் அது தன் பென் டிரைவைக் கண்டுபிடிக்கிறது.

ஐஎஸ்ஓ ஃபைலைப் பென் டிரைவில் காப்பி செய்தேன். ஏன் பூட் ஆகவில்லை?

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் அச்சு. அதை ஒரு ஃபைலாக உள்ளே போட்டால், பயாஸ் தேடும் முதல் 512 பைட்டும் இருக்காது, பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ ஃபைலும் இருக்காது. அதை எழுதுவதற்கென்றே கருவிகள் உண்டு: ரூஃபஸ், பலேனா எட்சர், லினக்ஸில் டிடி.

ரூஃபஸில் ஐஎஸ்ஓ முறை, டிடி முறை என்று இரண்டு கேட்கும். ஐஎஸ்ஓ முறை உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பிரித்து ஃபேட்32 பார்ட்டிஷனில் வைக்கும். டிடி முறை பைட்டுக்கு பைட் அப்படியே எழுதும். ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிடி முறைதான் சரி. அவர்களுடைய வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு டிடி முறை சரிவராது.

வென்டாய் வேறு ரகம். ஒரு முறை அதை நிறுவிவிட்டால் பத்து ஐஎஸ்ஓக்களைக் காப்பி செய்து போட்டு மெனுவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பூட் ஆகாத சிக்கலைத் துப்பறியும்போது அதை ஒதுக்கி வைத்துவிடுவேன். நடுவில் இன்னொரு அடுக்கு இருந்தால் தப்பு யாருடையது என்று சொல்ல முடியாது.

எழுதுவதற்கு முன் இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-256 எண்ணை (ஃபைல் பிசகாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். ஒரு நிமிட வேலை. பாதியில் நின்ற டவுன்லோடை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பயாஸோடு மல்லுக்கட்டுவது அவ்வளவு சலிப்பான காரியம்.

எழுதி முடித்ததும் விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கிறதே?

வேண்டாம் என்று சொல்லுங்கள். பென் டிரைவில் உள்ள பார்ட்டிஷன் விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். 32 ஜிபி பென் டிரைவ் சில எம்பி மட்டும் காட்டினாலும் பயப்படாதீர்கள்.

‘செக்யூர் பூட் வயலேஷன்’ என்று வருகிறது. அணைத்துவிடலாமா?

செக்யூர் பூட் என்பது பூட்லோடரில் நம்பகமான கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் காவல். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சின்ன நிரல் இருப்பதால் தடையின்றிப் போகும். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு இந்த ஆதரவு 2023 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஐஎஸ்ஓ என்றால் அணைத்துத்தான் ஆக வேண்டும். வென்டாய் முதல் முறை தன் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். நீலத் திரையில் அதைச் செய்யாமல் தாண்டினால் மறுபடி தடுக்கும்.

முன்பு விண்டோஸ் ஓடிய பழைய கணினியை சர்வராக மாற்றுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய ஷிம்களை ஏற்கக்கூடாது என்ற குறிப்பைப் போர்டின் நினைவகத்தில் எழுதியது. விண்டோஸை அழித்தாலும் அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கும். ‘ஷிம் எஸ்பேட்’ என்ற சொற்களோடு பிழை வந்தால் காரணம் இதுதான். புதிய ஐஎஸ்ஓவை இறக்கி எழுதுங்கள், அல்லது செக்யூர் பூட்டை அணையுங்கள்.

கருப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்குகிறது.

அநேகமாக லெகசி வழி. முதல் 512 பைட்டை ஓட்டிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறது. ஒன்று, தவறான டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறது. அல்லது யூஇஎஃப்ஐக்காக எழுதிய பென் டிரைவ் லெகசியில் ஓடுகிறது. பூட் மெனுவிலிருந்து நேரடியாகப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

‘ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4’ என்று வந்தால், பயாஸ் உள்ளூர்ச் சாதனங்களை எல்லாம் கைவிட்டு நெட்வொர்க் வழியாக யாராவது பூட் செய்ய உதவுவார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறது. பென் டிரைவை அது ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

லினக்ஸ் எழுத்துகள் ஓடுகின்றன, பிறகு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது.

நான்காவது கட்டம். கர்னல் ஏறிவிட்டது, ஆனால் ரூட் பார்ட்டிஷனை (ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) காணவில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் பென் டிரைவிலோ யூஎஸ்பி எஸ்எஸ்டியிலோ இருந்தால் முதல் சந்தேகம் நேரத்தின் மேல். யூஎஸ்பி சாதனம் விழித்துக்கொள்ளச் சில விநாடி ஆகும். கர்னல் அதற்குள் தேடி, இல்லை என்று முடிவு செய்துவிடும். அந்த இனிட்ராம்எஃப்எஸ் வரியிலேயே பத்து விநாடி கழித்து ‘எக்ஸிட்’ என்று அடித்துப் பாருங்கள். பூட் தொடர்ந்தால் காரணம் உறுதி. க்ரப் அமைப்பில் கர்னல் வரியில் rootdelay=10 என்ற அளபுருவைச் சேர்த்தால் பத்து விநாடி காத்திருக்கும்.

இரண்டாவது சந்தேகம் யூஎஸ்பி-சாட்டா அடாப்டர்மேல். சில அடாப்டர் சிப்கள் யூஏஎஸ் என்ற வேகமான முறையை ஆதரிப்பதாகச் சொல்லும், ஆனால் பாதியில் பேச்சை நிறுத்திவிடும். திரையில் யூஏஎஸ் என்ற சொல்லோடு ரீசெட் ரீசெட் என்று வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான். அந்தக் குறிப்பிட்ட அடாப்டருக்கு மட்டும் யூஏஎஸை அணைக்கும் குவிர்க்ஸ் என்ற கர்னல் அமைப்பு இருக்கிறது. வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிலையாக ஓடும்.

மூன்றாவது, சாதனப் பெயர். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிரந்தரமானவை அல்ல. ஒரு டிஸ்க்கைச் சேர்த்தால் எழுத்துகள் இடம் மாறும். எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட்டின்போது எந்தெந்த டிஸ்க்கை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல்) அந்தப் பெயர்களை எழுதியிருந்தால் யூயூஐடிக்கு (பார்ட்டிஷனின் மாறாத அடையாள எண்) மாற்றுங்கள்.

எஃப்எஸ்டேப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. கெட்டுப்போன ஒரு டேட்டா டிஸ்க்கைக் கழற்றிய பிறகு சர்வர் ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோட் என்று நிற்கிறதா? அந்த டிஸ்க்கின் வரி இன்னும் எஃப்எஸ்டேபில் இருக்கிறது, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி அதற்காகக் காத்திருந்து கைவிடுகிறது. டேட்டா டிஸ்க் வரிகள் எல்லாவற்றிலும் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் தெரிவு) என்று சேர்த்துவிடுங்கள். ஒரு டிஸ்க் போனதற்காக சர்வரே எழாமல் இருக்கக்கூடாது.

க்ரப் ரெஸ்க்யூ என்று வருகிறது.

பூட்லோடரின் முதல் துண்டு கிடைத்தது, மீதி இருக்கும் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை. பார்ட்டிஷனை மாற்றியிருந்தாலோ, பென் டிரைவ் பழுதாகத் தொடங்கியிருந்தாலோ வரும். லைவ் லினக்ஸ் ஒன்றில் பூட் ஆகி, க்ரப்பை மறுபடி நிறுவுவதே சுருக்கமான வழி.

நிறுவி முடித்தேன். இன்ஸ்டாலர் பென் டிரைவை எடுத்தால் சர்வர் பூட் ஆகவில்லை!

இரண்டில் ஒன்று. நிறுவும்போது பூட்லோடர் தவறுதலாக இன்ஸ்டாலர் பென் டிரைவிலேயே எழுதப்பட்டிருக்கலாம். லெகசி முறையில் க்ரப்பை எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் அவசரமாக என்டர் தட்டினால் இது நடக்கும்.

அல்லது, யூஇஎஃப்ஐ தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பூட் பதிவு தொலைந்திருக்கலாம். நிறுவப்பட்ட லினக்ஸின் பூட்லோடர் டெபியன் போன்ற தன் பெயருள்ள ஃபோல்டரில் இருக்கும். ‘அங்கே போ’ என்று சொல்லும் குறிப்பு போர்டில் இருக்கும், டிஸ்க்கில் இருக்காது. டிஸ்க்கை வேறு போர்டுக்கு மாற்றினால், குளோன் செய்தால், பயாஸை அப்டேட் செய்தால் அந்தக் குறிப்பு போய்விடும். க்ரப்பை நிறுவும்போது ரிமூவபிள் என்ற தெரிவையும் கொடுத்தால், பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயரில் பொது இடத்திலேயே எழுதிவைக்கும். அப்போது எந்தப் போர்டும் குறிப்பு இல்லாமலே கண்டுபிடிக்கும். பென் டிரைவில் நிறுவும் லினக்ஸுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மின்சாரம் போய் வந்தால் மட்டும் பூட் ஆக மறுக்கிறது.

பயாஸில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் முழுவதும் நின்றதும் பூட் வரிசை உட்பட எல்லா அமைப்பும் பழையபடி ஆகிவிடுகிறது. புது பேட்டரி 3 வோல்ட். மாற்றிவிட்டு அமைப்புகளை ஒருமுறை சரிசெய்து சேமியுங்கள்.

மானிட்டர் மாட்டினால் பூட் ஆகிறது, எடுத்தால் ஆகவில்லை.

போர்டு கீபோர்டைக் காணவில்லை என்று எஃப்1 தட்டச் சொல்லிக் காத்திருக்கலாம். பயாஸில் ‘ஹால்ட் ஆன்’ அல்லது ‘வெயிட் ஃபார் எஃப்1’ என்று இருப்பதை அணையுங்கள். கிராஃபிக்ஸே இல்லாமல் எழ மறுக்கும் போர்டுகளும் உண்டு. அவற்றில் ஒரு பழைய, குறைந்த மின்சாரம் எடுக்கும் கார்டை மாட்டிவைப்பதே வழி. மானிட்டர் இருப்பதுபோல் காட்டும் எச்டிஎம்ஐ டம்மி பிளக்கும் சில இடங்களில் போதும்.

ராஸ்பெர்ரி பையைத்தான் சர்வராக வைத்திருக்கிறேன். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

கொஞ்சம்தான். அதில் பயாஸ் இல்லை. பை 4இல் பூட்லோடர் ஒரு ஈஈப்ராம் சிப்பில் இருக்கிறது. யூஎஸ்பி பூட் 2020இல் வந்த பூட்லோடர் அப்டேட்டில்தான் சேர்ந்தது. பழைய போர்டு என்றால் எஸ்டி கார்டில் பூட் செய்து ஈஈப்ராமை அப்டேட் செய்யுங்கள். பூட் ஆர்டர் 0எக்ஸ்எஃப்41 என்று இருந்தால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 1 எஸ்டி கார்டு, 4 யூஎஸ்பி, எஃப் என்றால் மறுபடி முதலிலிருந்து.

பையில் பெரும்பாலான சிக்கல் மின்சாரத்தில்தான். பை 5ஐ 3 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டினால் எல்லா யூஎஸ்பி போர்ட்களுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும், 5 ஆம்பியர் அடாப்டரில் 1.6 ஆம்பியர். யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு முதலாவது பல நேரம் பத்தாது. போன் சார்ஜரை மாட்டி ஓட்டாதீர்கள்.

சர்வருக்குப் பென் டிரைவ் பூட் நல்லதா? எந்தப் பென் டிரைவ் வாங்குவது?

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்தது. அன்ரெய்டு மிகக் குறைவாக எழுதுகிறது. நல்ல பென் டிரைவ் ஆண்டுக்கணக்கில் வரும். சாதாரண லினக்ஸை அப்படியே பென் டிரைவில் நிறுவினால் லாக் ஃபைல்களும் ஸ்வாப்பும் அதைத் தேய்த்துவிடும். ஒரு காலத்தில் ஃப்ரீநாஸைப் பென் டிரைவில் போடுவதுதான் வழக்கம். அதன் வாரிசான ட்ரூநாஸ் இன்று எஸ்எஸ்டிதான் வேண்டும் என்கிறது. விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐயும் 2021 முதல் பென் டிரைவை மட்டும் நம்புவதிலிருந்து விலகச் சொல்கிறது. போர்டில் ஒரு சாட்டா அல்லது எம்.2 இடம் காலியாக இருந்தால், சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள் என்பதே என் கருத்து.

பென் டிரைவ்தான் என்றால், உலோக உறையுள்ள, சற்றே பெரிய ஒன்றை எடுங்கள். நகத்தளவு பென் டிரைவ்கள் பார்க்க அழகு, ஆனால் சூட்டை வெளியேற்ற இடமில்லை. வாங்கியதும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் முழுக் கொள்ளளவும் உண்மைதானா என்று சோதியுங்கள். 64 ஜிபி என்று காட்டிவிட்டு 8 ஜிபிக்குப் பிறகு எழுதுவதை எல்லாம் தொலைக்கும் போலிகள் ஏராளம்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இன்னும் எழவில்லை.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். டிஸ்க்குகளின் சாட்டா கேபிள், எச்பிஏ கார்டு, கூடுதல் நெட்வொர்க் கார்டு எல்லாம். எந்தக் கேபிள் எந்த டிஸ்க்கில் என்று கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ராம், ஒரு கீபோர்டு, பென் டிரைவ் மட்டும் வைத்து பூட் செய்யுங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு தடவையும் பூட் செய்து பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் தப்பாத வழி இது.

அப்படியும் எழவில்லை என்றால் அதே பென் டிரைவை வேறு கணினியில் பூட் செய்து பாருங்கள். சர்வர் மென்பொருள் அங்கே உள்ள டிஸ்க்கில் கை வைக்காமலிருக்க, அந்தக் கணினியின் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அங்கே பூட் ஆனால் குறை சர்வரின் போர்டில். அப்போது பயாஸை டீஃபால்ட்டுக்கு மாற்றலாம், ஆனால் அதற்கு முன் சாட்டா மோட், விர்ச்சுவலைசேஷன், மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒன்றை எழுதி இரவு முழுக்க ஓடவிடுங்கள். பென் டிரைவ் கோளாறு என்று நினைத்தது கடைசியில் ராமில் போய் முடிவதும் உண்டு.

பூட் ஆகிவிட்டது! உடனே செய்ய வேண்டியது ஏதாவது?

மானிட்டரைக் கழற்றும் முன் பென் டிரைவின் காப்பி ஒன்றை எடுத்து, சர்வரில் இல்லாமல் வேறு கணினியில் வையுங்கள். பயாஸின் பூட் பக்கத்தை ஒரு படம் எடுங்கள். எந்த டிஸ்க் எந்த இடத்தில் என்று சீரியல் எண்ணோடு ஒரு தாளில் எழுதி, கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிறகு பவரை முழுவதும் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி போட்டு, யார் கையும் படாமல் தானாக நெட்வொர்க்கில் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திருகுங்கள்.